பிட்ஸ்பர்க் – வாஷிங்டன் ஆற்றோர சைக்கிள் பாதை: ரயில் தடமும் கால்வாய்க் கரையும் (நிகழ்வு ஆய்வு)

பிட்ஸ்பர்க்கில் அலெகெனி ஆறும் மனாங்கஹீலா ஆறும் கூடி ஓஹையோவாகப் புறப்படும் முனையில் பாயின்ட் ஸ்டேட் பார்க் இருக்கிறது. அங்கே சைக்கிளில் ஏறினால் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை சுமார் 538 கி.மீ. போகலாம். ஊர்களுக்குள் வரும் சில தெருக்களையும் சாலைக் குறுக்கீடுகளையும் தவிர்த்தால் வழி முழுக்க மோட்டார் வண்டிகள் கிடையாது. முதல் 241 கி.மீ. ‘கிரேட் அலெகெனி பாஸேஜ்’. அது கம்பர்லண்டில் முடியும் இடத்திலேயே செசபீக் – ஓஹையோ கால்வாயின் கரைப்பாதை தொடங்கி, பொட்டோமாக் ஆற்றை ஒட்டியே 297 கி.மீ. இறங்குகிறது.

வரைபடத்தில் இது ஒரே கோடு. திட்டம் போடுகிறவர்களும் மொத்தத் தூரத்தை நாட்களால் வகுத்து, தினம் 77 கி.மீ. என்று ஏழு நாளுக்கும் சமமாக எழுதிக்கொள்கிறார்கள். டயர், சுமை, தண்ணீர், மாற்றுப் பாகங்கள் எல்லாவற்றையும் முதல் பாதிக்குப் பொருந்துகிற மாதிரி முடிவு செய்துவிடுகிறார்கள். கம்பர்லண்டைத் தாண்டி ஒரு நல்ல மழை பெய்தால் அந்தத் திட்டம் அப்படியே சரிந்துவிடும். காலில் வலு இல்லாதது காரணமில்லை. முதல் பாதியின் தரையைப் போட்டது ரயில் கம்பெனி, இரண்டாம் பாதியின் தரையைப் போட்டது கால்வாய் கம்பெனி. இரண்டு தரையும் தண்ணீரை நடத்தும் விதம் நேர் எதிரானது. இந்தப் பயணத்தில் எடுக்கவேண்டிய முடிவுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு விஷயத்திலிருந்தே வருகின்றன.

தரையின் வரலாறு

பாஸேஜில் கானல்ஸ்வில்லுக்கு மேற்கே இருப்பது பிட்ஸ்பர்க் அண்ட் லேக் ஈரி ரயில்வேயின் பழைய தடம். கிழக்கே இருப்பது வெஸ்டர்ன் மேரிலண்ட் ரயில்வே 1912-இல் திறந்து 1975-இல் கைவிட்ட தடம். ஒஹையோபைல் அருகே 1986-இல் முதல் துண்டு சைக்கிளுக்குத் திறந்தது. 2006 இறுதியில் கம்பர்லண்ட் வரை இணைந்தது. பிட்ஸ்பர்க் பக்கம் விட்டுப்போயிருந்த கடைசி இடைவெளி 2013-இல்தான் அடைந்தது.

ரயில் தடத்துக்கு இரண்டு கட்டாயங்கள். சரக்கு ரயில் ஏறவேண்டும் என்பதால் சரிவு மிகக் குறைவாக இருக்கவேண்டும். தண்டவாளம் அமுங்கக்கூடாது என்பதால் தண்ணீர் தேங்கக்கூடாது. அதனால் அடியில் கருங்கல் ஜல்லி, இரு பக்கமும் வடிகால். அதன் மேல் சுண்ணாம்புக்கல் பொடிச்சல்லியைப் பரப்பி உருளை ஓட்டியிருக்கிறார்கள். மழை நின்று சில மணி நேரத்தில் மேற்பரப்பு மறுபடி இறுகிவிடும்.

கால்வாய் வேறு கதை. 1828 ஜூலை 4 அன்று ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் முதல் மண்ணை வெட்டினார். அதே நாளில் பால்டிமோரில் பி அண்ட் ஓ (பால்டிமோர் அண்ட் ஓஹையோ) ரயில்வேக்கும் முதல் கல் நாட்டப்பட்டது. ரயில் 1842-இல் கம்பர்லண்டை எட்டியது. கால்வாய் 1850-இல்தான் எட்டியது. 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றுபோனது. பிற்பாடு அரசு இதைக் கார்ச் சாலையாக்க நினைத்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954 மார்ச்சில் பத்திரிகை ஆசிரியர்களை அழைத்துக்கொண்டு கம்பர்லண்டிலிருந்து வாஷிங்டன் வரை நடந்தார். அந்த நடை இல்லாவிட்டால் இன்று இந்தப் பாதையே இருந்திருக்காது. 1971-இல் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது.

நாம் ஓட்டுவது கோவேறு கழுதைகள் படகை இழுத்துச் சென்ற கரை. கால்வாய்த் தண்ணீர் கசிந்து ஓடிவிடக்கூடாது என்பதற்காகவே மிதித்துக் கெட்டிப்படுத்திய களிமண்ணால் கட்டிய கரை அது. தண்ணீரைப் பிடித்துவைப்பதே அதன் வேலை. நூறு ஆண்டுகளாக அந்த வேலையை அது மறக்கவில்லை. 1924-க்குப் பிறகு இரு புறமும் வளர்ந்த மரங்கள் வெயிலை மறைப்பதால் ஈரம் காய்வதும் தாமதம். பூங்கா நிர்வாகம் அண்மை ஆண்டுகளில் நீண்ட பகுதிகளில் புதிதாகப் பொடிச்சல்லி போட்டு உருட்டியிருக்கிறது; அந்த இடங்களில் ஓட்டம் பாஸேஜைப் போலவே இருக்கும். போடாத பகுதிகளில் இரண்டு சக்கரத் தடங்கள், நடுவில் புல்வரப்பு, குறுக்கே வேர்கள், தடத்துக்குள் சேற்றுக் குட்டை.

இதைக் கணக்காகப் பார்த்தால் வித்தியாசம் உறைக்கும். ஆள், வண்டி, சுமை மூன்றும் சேர்ந்து 105 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இறுகிய பொடிச்சல்லியில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் தரை உராய்வுக்கு மட்டும் ஏறத்தாழ 35 வாட் செலவாகும். நனைந்த களிமண்ணில் அதே வேகத்துக்கு 100 வாட்டைத் தாண்டும். நாள் முழுக்க மிதிக்கக்கூடிய சக்தி பெரும்பாலானவர்களுக்கு 80 முதல் 110 வாட்தான். ஆகவே வேகம் தானாகவே மணிக்கு 9 அல்லது 10 கி.மீ.க்கு இறங்கிவிடும். 90 கி.மீ. என்று குறித்துவைத்த நாள் ஒன்பது மணி நேர மிதிப்பாக மாறும்.

வண்டி

28 அல்லது 32 மி.மீ. டயரில் பாஸேஜை முடித்துவிடலாம். கால்வாய்க் கரைக்கு அது போதாது. 700×40 முதல் 45 வரை, அல்லது 50 மி.மீ. அகலமுள்ள சற்றுச் சிறிய சக்கரம், இந்த இரண்டில் ஒன்று சரி. நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் சிறு குமிழோடும் உள்ள டயர் வேண்டும். மலைச் சைக்கிளின் பெரிய குமிழ் சேற்றை அள்ளிக்கொண்டு வரும். 42 மி.மீ. டயருக்கு, மேலே சொன்ன எடையில், பாஸேஜில் பின்னால் 50 – 55, முன்னால் 40 – 45 பி.எஸ்.ஐ. காற்று வைக்கலாம். கம்பர்லண்டில் இரண்டிலும் 6 பி.எஸ்.ஐ. இறக்கிவிடவேண்டும். வேர் மேல் ஏறும்போது கை உணரும் அதிர்ச்சி குறையும், ஈரத்தில் பிடிப்பும் கூடும்.

இந்தப் பாதையில் அதிகம் காலை வாருவது மட்கார்டு. டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே 12 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். 5 மி.மீ. இடைவெளியோடு நகரத்துக்கு அழகாக இருக்கும் மட்கார்டில் களிமண்ணும் காய்ந்த இலையும் சுள்ளியும் ஒன்றாகப் புகுந்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் உச்சியில் அடைத்துக்கொள்ளும். முதலில் ‘சர்ர்’ என்று உரசும் சத்தம் வரும். அப்போதே நிறுத்தி, ஒரு தட்டையான குச்சியால் மண்ணை நெம்பி எடுத்துவிட வேண்டும். சத்தத்தைப் பொருட்படுத்தாமல் மிதித்தால் அடுத்த கட்டம் மட்கார்டு கம்பி வளைந்து டயருக்குள் இழுபடுவது, அதற்கு அடுத்தது முன்சக்கரம் நின்று ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே போவது. விசை மீறினால் தானாகக் கழன்றுகொள்ளும் பிடிப்பு உள்ள கம்பிகளே முன்சக்கரத்துக்குப் பாதுகாப்பு. அது இல்லாத வண்டியில், ஒட்டும் சேறு தொடங்கியதுமே முன் மட்கார்டைக் கழற்றிக் கேரியரில் கட்டிவிடுவது நல்லது. முகத்தில் சேறு தெறிக்கும், தெறித்துவிட்டுப் போகட்டும்.

சுண்ணாம்புக்கல் குழம்பு பிரேக் கட்டையை அரம் போலத் தேய்க்கும். ரிம் பிரேக் வண்டிக்கு மாற்றுக் கட்டை இரண்டு ஜோடி தேவை. மழையில் இரண்டு நாள் ஓடினாலே ஒரு ஜோடி தேய்ந்து உலோகம் தெரிய வாய்ப்புண்டு. டிஸ்க் பிரேக்கில் உலோகக் கலவைப் பட்டை நீடிக்கும், ரெசின் பட்டை சீக்கிரம் போய்விடும். குழம்பு காய்வதற்குள் கழுவுவதும் முக்கியம். காய்ந்துவிட்டால் கேபிள் நுழையும் இடத்திலும் கியர் மாற்றியின் கீலிலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் கரையாது. மாலையில் முகாமில் ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பழைய பல்துலக்கி, ஒரு துணி, பத்து நிமிடம் போதும். செயினுக்கு மழை எண்ணெய் என்று விற்கப்படும் பிசுபிசுப்பான எண்ணெய் வேண்டாம், அது பொடியை ஈர்த்துச் சாணைக்கல் ஆகிவிடும். மெழுகு வகை அல்லது மெல்லிய எண்ணெயைத் தினமும் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளியில் படிந்ததைத் துடைத்துவிட வேண்டும்.

தொடர் அதிர்வில் கேரியரின் எம்5 திருகுகள் கழலும். புறப்படும் முன் நீலநிற திருகுப் பசை போட்டு இறுக்கவும். 16 மி.மீ. நீளத்தில் நான்கு உதிரித் திருகு, பத்து கேபிள் டை, டியூப் இரண்டு, பஞ்சர் பெட்டி, டயர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு துண்டு பழைய டயர், செயின் இணைப்பு இரண்டு, செயின் கழற்றும் கருவி, தன் சக்கரத்துக்குச் சரியான நீளத்தில் ஸ்போக் மூன்று. கம்பர்லண்டுக்கும் ஹான்காக்குக்கும் இடையே சுமார் 97 கி.மீ.க்கு சைக்கிள் கடை எதையும் நம்ப முடியாது என்பதே இந்தப் பட்டியலின் காரணம். சுமை 15 கிலோவுக்குள் இருந்தால் நல்லது.

எந்தத் திசை

பிட்ஸ்பர்க்கிலிருந்து வாஷிங்டன் நோக்கி ஓட்டுவதையே பரிந்துரைக்கிறோம். பாஸேஜின் உச்சி, கிழக்குக் கண்ட நீர்ப்பிரிமேட்டில் 729 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டின் ஒரு பக்கம் விழும் மழை ஓஹையோ, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கும், மறுபக்கம் விழுவது பொட்டோமாக் வழியாக செசபீக் விரிகுடாவுக்கும் போகும். பிட்ஸ்பர்க் பக்கத்திலிருந்து ஏறினால் அந்த ஏற்றம் 200 கி.மீ.க்கும் மேல் பரந்து கிடக்கிறது. கான்ஃப்ளூயன்ஸ் வரை ஏறுவதே தெரியாது. அங்கிருந்து உச்சி வரையிலான 61 கி.மீ.யில் சராசரி அரை சதவீதம். மறுபக்கமோ கம்பர்லண்டிலிருந்து 38 கி.மீ.யில் சுமார் 540 மீட்டர் ஏற்றம், சராசரி 1.4 சதவீதம். செங்குத்து என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் ஓர் அடி கூட இறக்கம் கிடையாது. மணிக்கு 12 கி.மீ. வேகத்துக்கு 90 – 100 வாட் வேண்டும்; மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் மிதிக்கவேண்டும்.

மைல்கல் எண்களையும் முன்பே புரிந்துகொள்வது நல்லது. பாஸேஜின் கற்கள் கம்பர்லண்டை 0 ஆக வைத்து பிட்ஸ்பர்க்கில் 150 ஆகின்றன. கால்வாயின் கற்கள் ஜார்ஜ்டவுனை 0 ஆக வைத்து கம்பர்லண்டில் 184.5 ஆகின்றன. பிட்ஸ்பர்க்கிலிருந்து வருகிறவருக்கு எண் 150-லிருந்து 0 வரை குறைந்து, மறுபடி 184.5-லிருந்து குறையத் தொடங்கும். விபத்து நேர்ந்தால் உதவிக்கு அழைக்கும்போது எந்தப் பாதையின் எந்த மைல் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஏழு நாள், சமமில்லாத ஏழு நாள்

முதல் நாள் வெஸ்ட் நியூட்டன் வரை, 58 கி.மீ. மெக்கீஸ்போர்ட் வரை பெரும்பாலும் தார்த்தளம். உருகிய இரும்பை ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரை ஆலைக்கு ரயிலில் கொண்டுபோன ஹாட் மெட்டல் பாலத்தைக் கடக்கிறோம். 1892 ஹோம்ஸ்டெட் வேலைநிறுத்தத்தில் மோதல் நடந்த பம்ப் ஹவுஸ் பாதை ஓரமாகவே நிற்கிறது. வழி தவறுவது நகரத்துக்குள்ளும் மெக்கீஸ்போர்ட்டிலும்தான். அதற்குப் பிறகு யாக்கியகேனி ஆறு பக்கத்திலேயே வருவதால் வழியைப் பற்றிக் கவலையில்லை.

இரண்டாம் நாள் கான்ஃப்ளூயன்ஸ் வரை, 84 கி.மீ. கானல்ஸ்வில்தான் மளிகை வாங்க நல்ல ஊர். அங்கிருந்து ஒஹையோபைல் வரை 27 கி.மீ. காட்டுக்குள் ஊரே கிடையாது. ஒஹையோபைலில் ஆற்றின் குறுக்கே உயரமான இரண்டு பாலங்கள், ஊர் நடுவே அருவி. அங்கே தங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்டேட் பார்க் முகாம் பாதையோரத்தில் இல்லை, செங்குத்தான மேட்டின் மேல் இருக்கிறது. சுமையோடு தள்ளிக்கொண்டுதான் ஏறவேண்டியிருக்கும். இன்னும் 16 கி.மீ. ஓட்டிக் கான்ஃப்ளூயன்ஸ் போய்விட்டால் சமதரையில் படுக்கலாம். ஃப்ராங்க் லாயிட் ரைட் கட்டிய ‘ஃபாலிங்வாட்டர்’ வீடு ஒஹையோபைலிலிருந்து 6 கி.மீ.தான். ஆனால் வழி மேடான, ஓரம் குறுகிய கார்ச் சாலை. பார்த்தே ஆகவேண்டும் என்றால் வாடகை வண்டியில் போவது மேல்.

மூன்றாம் நாள் ஃப்ராஸ்ட்பர்க் வரை, 74 கி.மீ. பாஸேஜின் மிகச் சிறந்த நாள் இதுதான். பிங்கர்டன் சுரங்கம், மையர்ஸ்டேலுக்கு முன்பாக 582 மீட்டர் நீள சாலிஸ்பரி மேம்பாலம், உச்சி, அதையடுத்து 1,004 மீட்டர் நீளமுள்ள பிக் சாவேஜ் சுரங்கம். மேம்பாலத்தின் மேல் பக்கக்காற்று பலமாக வீசும். முன்பக்கம் அகலமான பைகள் இருந்தால் ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்கவும். சுரங்கத்துக்குள் விளக்கு உண்டு, ஆனாலும் தன் விளக்கை ஏற்றிக்கொள்ளவேண்டும். கோடையிலும் உள்ளே குளிரும். வியர்த்த உடம்போடு சுரங்கத்திலிருந்து வெளியே வந்து நீண்ட இறக்கத்தில் போனால் நடுக்கம் எடுக்கும், ஆகவே மழைச்சட்டையை நுழைவாயிலிலேயே போட்டுக்கொள்வது நல்லது. கிழக்கு வாயிலுக்கு வெளியே பள்ளத்தாக்கு மொத்தமும் விரிந்து தெரியும். சற்றுத் தள்ளி, 1763 – 67-இல் அளந்த மேசன் – டிக்சன் எல்லைக்கோட்டைத் தாண்டி மேரிலண்டுக்குள் நுழைகிறோம்.

இந்தச் சுரங்கம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மூடியிருக்கும். கதவுகள் பனி உறைவிலிருந்து சுரங்கச் சுவரைக் காக்கின்றன. சுற்றிப்போக உருப்படியான மாற்றுவழி இல்லை. எனவே பனிக்காலத்தில் முழுப் பாதையைத் திட்டமிடவே கூடாது. இன்னொன்று: ஃப்ராஸ்ட்பர்க் ஊர் பாதைக்கு மேலே இருக்கிறது. வளைந்து வளைந்து ஏறும் ஒரு கிளைப்பாதை உண்டு. நாள் முடிவில் அந்த ஏற்றம் காலைப் பிடிக்கும் என்பதை எண்ணி அறை எடுக்கவும்.

நான்காம் நாள், 70 கி.மீ. காலையில் 26 கி.மீ. இறக்கம். மிதிக்காமல் விட்டால் வண்டி பறந்துவிடாது. சரிவுக்கும் பொடிச்சல்லிக்கும் ஏறத்தாழச் சரியாகப் போய்விடும். லேசாக மிதித்தால் 25 கி.மீ. வேகம் வரும். கம்பர்லண்டில் டயர்க் காற்றைக் குறைத்து, பிரேக் கட்டையைப் பார்த்து, ஒன்றரை நாளுக்கான உணவை வாங்கிக்கொள்ளவேண்டும். இதில் தயக்கம் வேண்டாம். அடுத்து பா பா, லிட்டில் ஆர்லியன்ஸ் இரண்டு இடத்திலும் இருப்பவை சிறு கடைகள், திறந்திருக்கும் நேரத்தை நம்பமுடியாது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் கூடுதல். வேர்க்கடலை வெண்ணெய், ரொட்டி, வாழைப்பழம், சீக்கிரம் வேகும் அவல் அல்லது சேமியா வைத்துக்கொண்டால் போதும்.

இரவு பர்ஸ்லேன் ரன் முகாமிலோ, சுரங்கத்தைக் கடந்து சாரல் ரிட்ஜ் முகாமிலோ தங்கலாம். கால்வாய் நெடுக 8 முதல் 11 கி.மீ.க்கு ஒன்றாக இலவச முகாம்கள் இருக்கின்றன. முன்பதிவு கிடையாது, ஓர் இடத்தில் ஒரே இரவு. கழிப்பறை, மேசை, நெருப்பு மூட்ட இடம், ஓர் அடிபம்பு. குப்பைத்தொட்டி இல்லை, உண்டாக்கிய குப்பையைக் கொண்டுபோக வேண்டும். ஆற்றின் மறுகரையில் சரக்கு ரயில் இரவு முழுக்க ஓடும். காதடைப்பான் இல்லாமல் தூக்கம் வராது.

அந்த அடிபம்பைப் பற்றிக் கொஞ்சம். தண்ணீரில் அயோடின் கலந்து சுத்திகரிப்பதால் மருந்து வாடை இருக்கும், சில இடங்களில் இரும்புக் கறை நிறமும் இருக்கும். முதலில் பத்து இருபது தடவை அடித்து வெளியே விட்டபின் பிடிக்கவேண்டும். தண்ணீர்ப் பரிசோதனையில் தேறாத பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். இருட்டும் நேரத்தில் காலி பாட்டிலோடு போய், கைப்பிடி இல்லாத பம்பின் முன் நிற்பது இந்தப் பாதையில் வாடிக்கையான சங்கடம். ஆகவே ஒரு பம்பில் பிடிக்கும்போது இரண்டு பம்புத் தூரத்துக்குப் பிடிக்கவும். மூன்று லிட்டர் கொள்ளளவு வேண்டும். ஏறக்குறைய நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பம்புகள் அனைத்தும் மூடியிருக்கும். தைராய்டு சிக்கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, ஊர்க் குழாய்த் தண்ணீரைச் சுமப்பது நல்லது.

ஐந்தாம் நாள் வில்லியம்ஸ்போர்ட் வரை, 92 கி.மீ. தொடக்கத்தில் பா பா சுரங்கம். பொட்டோமாக் ஆறு இங்கே பாம்பாக நெளிகிற ஆறு மைல் வளைவைத் தவிர்க்க மலையைக் குடைந்தார்கள். 950 மீட்டர், சுமார் அறுபது லட்சம் செங்கல். 1836-இல் தொடங்கி 1850-இல் முடிந்தது. உள்ளே விளக்கே இல்லை. பாதை குறுகலானது, தளம் மேடுபள்ளம், ஒரு பக்கம் கைப்பிடி, அதற்கு அப்பால் கறுத்த கால்வாய்த் தண்ணீர். வண்டியை இறங்கித் தள்ளவேண்டும் என்பது விதி. தொட்டிப்பாலங்களிலும் அதே விதி. ஹேண்டில்பாரில் பொருத்திய விளக்கைவிடத் தலையில் கட்டும் டார்ச் உதவும், ஏனென்றால் பார்க்கவேண்டியது காலடியை. படகுக் கயிறு உரசி உரசி அறுத்த தடங்கள் கைப்பிடியில் இன்னும் தெரிகின்றன. நிறுத்தித் தொட்டுப் பாருங்கள். சுரங்க வாயிலை ஒட்டிய பாறைச் சரிவில் கல் விழுவதால் பராமரிப்புக்காக மூடுவதுண்டு. அப்போது மலைக்கு மேலே ஏறி இறங்கும் செங்குத்தான சுற்றுவழிதான், சுமையைப் பிரித்து இரண்டு நடையாகக் கொண்டுபோகும்படி இருக்கும். புறப்படுவதற்கு முந்தைய நாள் பூங்காவின் அறிவிப்பைப் பார்ப்பது கட்டாயம்.

லிட்டில் ஆர்லியன்ஸிலிருந்து பிக் பூல் வரை கால்வாய்க்கு இணையாக வெஸ்டர்ன் மேரிலண்ட் ரெயில் டிரெயில் ஓடுகிறது. சுமார் 45 கி.மீ. தார்த்தளம், வௌவால்களுக்காக மூடிவைத்திருக்கும் ஒரு சுரங்கத்தைச் சுற்றிவர மட்டும் கொஞ்ச தூரம் கரைக்கு இறங்கவேண்டும். ‘கால்வாய் முழுவதையும் கால்வாயிலேயே ஓட்டவேண்டும்’ என்ற பிடிவாதத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மழைக்குப் பிறகான நாளாக இருந்தால் அந்தப் பிடிவாதத்தின் விலை மூன்று மணி நேரம். 92 கி.மீ. என்ற நீண்ட நாளை இங்கே வைத்திருப்பதே இந்தத் தார்த்தளத்தை நம்பித்தான்.

ஆறாம் நாள் பிரன்சுவிக் வரை, 72 கி.மீ. 88-ஆம் மைலிலிருந்து 84 வரை ‘பிக் ஸ்லாக்வாட்டர்’. கால்வாயே இல்லாமல் படகுகள் ஆற்றுக்குள் இறங்கி ஓடிய இடம். பாதை பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே கான்கிரீட் திண்ணையாகப் போகிறது. வெள்ளங்களில் அழிந்து கிடந்ததை 2012-இல் மீட்டார்கள். ஆறு உயர்ந்தால் முதலில் மூடும் இடங்களில் இதுவும் ஒன்று. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்குப் போக ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாலம் இருக்கிறது. கரையிலிருந்து அதற்கு ஏற இரும்புப் படிக்கட்டுதான். ஊரைப் பார்க்க மட்டும் போகிறவர்கள் வண்டியைக் கீழேயே பூட்டிவிட்டுப் போகலாம். தங்குகிறவர்கள் பைகளைக் கழற்றி முதலில் ஏற்றி, பிறகு வண்டியைத் தூக்கவும்.

கடைசி நாள் 88 கி.மீ. 42-ஆம் மைலில் ஏழு வளைவுகள் கொண்ட மொனோகசி தொட்டிப்பாலம், கால்வாயின் பதினொரு தொட்டிப்பாலங்களில் மிகப் பெரியது. கிரேட் ஃபால்ஸுக்குக் கீழே வார இறுதிகளில் கூட்டம் நெரியும். வேக வரம்பு மணிக்கு 15 மைல், நடப்பவருக்கே முன்னுரிமை, மணி கட்டாயம். 3-ஆம் மைல் அருகே ஃப்ளெட்சர்ஸ் கோவ் என்ற இடத்தில் தார் போட்ட கேபிடல் கிரசன்ட் டிரெயிலுக்கு மாறிவிடுங்கள். ஜார்ஜ்டவுனுக்குள் கரைப்பாதை குறுகலான செங்கல் நடைபாதையாகிவிடும்.

உடம்பு

கால்வாயில் மொத்த இறக்கமே 184 மீட்டர்தான். படகை ஏற்றி இறக்க 74 லாக்குகள் (நீர்மட்டத்தை உயர்த்தித் தாழ்த்தும் மதகு அறைகள்); ஒவ்வொன்றின் அருகிலும் பாதை சுமார் இரண்டரை மீட்டர் சரிகிறது. சரிவு என்று சொல்ல அவ்வளவுதான் உண்டு. மேடு இல்லை என்பதைச் சுகம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டாம் நாளே உண்மை தெரிந்துவிடும். மேடு இருந்தால் எழுந்து மிதிப்போம், இறக்கத்தில் காலை நிறுத்துவோம். இங்கே இரண்டும் இல்லாததால் உட்காருமிடம் புண்ணாகும், உள்ளங்கை மரத்துப்போகும். ஒவ்வொரு மைல்கல்லிலும் இருபது நொடி எழுந்து நின்று மிதிக்கும் பழக்கத்தை கம்பர்லண்டிலிருந்தே வைத்துக்கொள்ளவேண்டும். புண் வந்தபின் செய்வது உதவாது.

விழுவது பெரும்பாலும் தடம் மாறும்போது. எதிரே ஆள் வருவதைப் பார்த்து, நடுவிலுள்ள ஈரப் புல்வரப்பைச் சாய்வாகக் கடக்கும்போது முன்சக்கரம் புல்லில் வழுக்கும். வேகத்தைக் குறைத்து, வரப்பை எவ்வளவு நேர்க்கோணத்தில் கடக்க முடியுமோ அப்படிக் கடக்கவேண்டும். வேர்களுக்கும் இதே விதிதான். அக்டோபரில் உதிர்ந்த இலை வேரையும் குழியையும் மூடிவிடும்.

மே முதல் ஜூலை வரை உண்ணி அதிகம். லைம் நோயைப் பரப்பும் வகையும் அதில் உண்டு. கடுகளவுதான் இருக்கும். மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமயிர் எல்லாவற்றையும் பார்த்து, நுனி கூரான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்கவும். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். மும்மூன்று இலையாகப் பாதையோரம் படரும் பாய்சன் ஐவி கொடியில் வண்டியைச் சாய்த்தால் அதன் பால் கைப்பிடி வழியாகத் தோலுக்கு வந்து கொப்புளமாகும். ஓட்டுவதற்கு நல்ல காலம் மே முதல் ஜூன் நடுவரை, பிறகு செப்டம்பர் முதல் அக்டோபர் நடுவரை.

மழை வந்தால்

முந்தைய ஒரு நாளில் 25 மி.மீ.க்கு மேல் பெய்திருந்தால், அன்றைய கால்வாய்த் தூரத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் திட்டத்தில் எட்டாவது நாள் ஒன்று காலியாக இருந்தால் இதற்கு மனம் இடம் கொடுக்கும். மறுநாளே விமானம் பிடிக்கவேண்டிய நிலையில் யாரும் குறைக்கமாட்டார்கள். கம்பர்லண்டிலிருந்து பா பாவுக்குக் கார்ச் சாலையில் போகலாம் என்று சிலர் மேரிலண்ட் 51-ஐப் பிடிக்கிறார்கள். சேறு இல்லை, ஆனால் மேடும் பள்ளமுமாக இழுக்கும், சாலை ஓரமும் போதாது. பொட்டோமாக் வெள்ளத்தில் இருக்கும்போது பாதையில் நிற்கும் தண்ணீரை ஓட்டிக் கடக்க முயலவே கூடாது. அடியில் கரை அரித்துப் போயிருந்தால் மேலிருந்து தெரியாது. 1936, 1972 வெள்ளங்களும், 1996-இல் ஒரே ஆண்டில் இரண்டு முறை வந்தவையும் கரையைத் துண்டு துண்டாக அறுத்துப்போட்டவை.

தப்பிக்கும் வழி ரயில். வாஷிங்டனையும் பிட்ஸ்பர்க்கையும் இணைக்கும் ஆம்ட்ராக் ரயில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி, கம்பர்லண்ட், கானல்ஸ்வில் ஆகிய ஊர்களில் நிற்கும். வண்டியைப் பிரித்துப் பெட்டியில் அடைக்காமலே ஏற்றலாம். ஆனால் சைக்கிளுக்கும் தனி இடப்பதிவு வேண்டும், இடங்கள் குறைவு, பைகளைக் கழற்றித்தான் கொடுக்கவேண்டும். வாஷிங்டனில் காரை விட்டுவிட்டுத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ரயில் பிட்ஸ்பர்க்கை நள்ளிரவை ஒட்டி அடையும், திரும்பும் ரயில் விடியும் முன்னே புறப்படும். நிலையத்துக்கு அருகே அறை எடுத்துத் தூங்கி, காலை ஒன்பது மணிக்கு மேல் தொடங்கினாலும் முதல் நாளின் 58 கி.மீ.க்கு நேரம் தாராளம்.

ஜார்ஜ்டவுனில் 0 மைல்கல் ராக் கிரீக் ஓடை பொட்டோமாக்கில் சேரும் இடத்தில், தாம்சன் படகுத்துறைக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாததால் பலர் தேடாமலே போய்விடுகிறார்கள். அங்கிருந்து நேஷனல் மால் வழியாக யூனியன் ஸ்டேஷன் ஏறத்தாழ 6 கி.மீ. ரயிலேறும் முன் செயினையும் பிரேக்கையும் கழுவிவிடவும், வீட்டுக்குப் போனதும் சக்கர அச்சு, பெடல் அச்சு இரண்டின் பேரிங்கையும் திறந்து கிரீஸ் மாற்றவும். கால்வாய்ச் சேற்றில் ஓடிய வண்டிக்கு அது தவறாமல் தேவைப்படும்.